கட்டபொம்மன் கொள்ளைக்காரரா? தொண்டைமான் காட்டிக்கொடுத்தாரா?



நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்ததைப் பார்த்தேன். ஒருவர் "கட்டபொம்மன் வெறும் கொள்ளைக்காரன்" என்று எங்கிருந்தோ வந்த செய்தியைப் போட்டார். இன்னொருவர் "காட்டிக்கொடுத்த புதுக்கோட்டைக்காரனுக்குப் பேச்சு வேறயா" என்று பதில் போட்டார். ராத்திரி பதினோரு மணிக்குள் சாதிப் பெயர்கள் வந்துவிட்டன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் வரலாற்று ஆராய்ச்சியாளன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து இலுப்பூர் வட்டாரத்தில் பாடம் நடத்திய சாதாரண வாத்தியார். ஆனால் வகுப்பில் ஒரு சண்டை வந்தால் எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியும். "நீ நேரில் பார்த்தாயா? யார் சொல்லிக் கேட்டாய்? அவனுக்கும் உனக்கும் ஏதாவது பகை உண்டா?" இந்த மூன்று கேள்வியும் வரலாற்றுக்கும் பொருந்தும்.

முதலில், யாரும் மறுக்காத செய்திகள். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் கப்பப் பாக்கியில் தகராறு. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே நடந்த கலவரத்தில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் தப்பி வடக்கே வந்தார். நம் பொன்னமராவதிப் பக்கத்துத் திருக்களம்பூர்க் காட்டில் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். சண்டையெல்லாம் இவற்றுக்குப் பெயர் வைப்பதில்தான்.

"கொள்ளைக்காரன்" என்ற சொல் எங்கிருந்து வந்தது? முதலில் கம்பெனிக் காகிதங்களில் இருந்து. கட்டபொம்மனின் ஆட்கள் சர்க்கார் கிராமங்களில் புகுந்து பறிக்கிறார்கள் என்பது அதிகாரிகளின் புகார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிராமங்களுக்குக் காவல் இருப்பதற்காகப் பாளையக்காரர்கள் நெல்லும் பணமும் வாங்குவது நெடுங்கால வழக்கம். தேசகாவல், ஸ்தலகாவல் என்று அதற்குப் பெயர். 1792-ல் ஆற்காடு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு வந்தது. அதன்பிறகு பாளையக்காரர் கண்ணுக்கு உரிமையாகத் தெரிந்த வசூல், கம்பெனி அதிகாரி கண்ணுக்குக் கொள்ளையாகத் தெரிந்தது. கொடுத்த குடியானவனுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று எழுதிவைக்க ஆள் இல்லை. ஆகவே இந்தக் காகிதங்கள் பொய்யல்ல. ஆனால் வழக்கில் ஒரு கட்சிக்காரர் எழுதியவை.

இரண்டாவது சாட்சி, கதைப்பாடல்கள். தெற்கே கூத்தாகவும் பாட்டாகவும் வழங்கிய இவற்றைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். இவை கட்டபொம்மன் பக்கத்துச் சாட்சி. ம.பொ.சிவஞானம் அவரை விடுதலை வீரராக எழுதினார். தமிழ்வாணன் கொள்ளைக்காரர் என்று எழுதினார். 1959-ல் சிவாஜி கணேசன் நடித்த படம் வந்தபிறகு, பெரும்பாலோருக்கு வரலாறு என்றால் அந்தப் படம்தான் என்று ஆகிவிட்டது.

இப்போது விசாரணையில் உதவும் ஒரு எளிய விதியைச் சொல்கிறேன். ஒருவன் தன் நண்பனைப் புகழ்ந்தால் பாதி நம்பு. தன் நண்பனின் குறையை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் நம்பு. தன் எதிரியைப் புகழ்ந்தால் அதையும் பெரும்பாலும் நம்பு. இந்த விதியை வைத்துப் பார்ப்போம்.

கட்டபொம்மனைக் கொண்டாடும் கதைப்பாடலே, அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை ஸ்ரீவைகுண்டத்து நெல் களஞ்சியத்தைக் கொள்ளையடித்ததைப் பாடுகிறது. காவல்காரன் செத்ததையும் மறைக்கவில்லை. ஆகவே பறிப்பே நடக்கவில்லை என்று அவருடைய அபிமானிகள் சொல்ல முடியாது.

அதேபோல் எதிரி பக்கம் பாருங்கள். இராமநாதபுரச் சம்பவத்தைக் கம்பெனி அரசே விசாரித்தது. அந்த விசாரணையில் தவறு ஜாக்சன் மேல் வந்தது. அவர் பதவி இழந்தார். தூக்கிலிட்ட மறுநாள் பானர்மன் சென்னைக்கு எழுதிய கடிதம் இன்னும் முக்கியம். கட்டபொம்மன் அஞ்சாமல் நடந்தார், சுற்றி நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்தார், ஊமைத்துரையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார், கோட்டையை விட்டு வந்ததற்குப் பதில் அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தினார் என்று தூக்கிலிட்டவரே எழுதுகிறார். கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் இதை எடுத்துத் தந்திருக்கிறார். பானர்மனுக்கு அவரைப் புகழ வேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்த வீரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்று. கட்டபொம்மன் கப்பமே கட்ட மறுத்தவர் என்று படம் பார்த்து நாம் நினைக்கிறோம். கணக்கு வேறு சொல்கிறது. 1798 மே மாதம் 3,310 பகோடா பாக்கி. இராமநாதபுரம் சந்திப்பின்போது மீதி 1,080 தான். பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. அப்படியானால் தகராறு வெறும் பணத்தில் இல்லை. கலெக்டர் ஊர் ஊராக அலையவிட்டதும், பேட்டியில் நிற்கவைத்ததும், ஒரு பாளையக்காரரின் மானத்தைத் தொட்ட விஷயங்கள். பட வசனத்தைவிட இந்தக் கணக்கு எனக்கு அவரை நெருக்கமாகக் காட்டுகிறது.

சரி, நம் சீமைக்கு வருவோம். விஜய ரகுநாத தொண்டைமான் காட்டிக்கொடுத்தாரா?

இங்கேயும் நடந்ததில் சர்ச்சை குறைவு. கலெக்டர் லஷிங்டன் கேட்டுக்கொண்டார், தொண்டைமானின் ஆட்கள் பிடித்தார்கள், ஒப்படைத்தார்கள். 1916-ல் வந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயரின் சமஸ்தான வரலாறும் இதை மறைக்கவில்லை. சமஸ்தானத்து ஆளே சமஸ்தானம் செய்ததை எழுதுகிறார். ஆனால் அதைக் குற்றமாக அல்ல, நேச மன்னர் ஆற்றிய கடமையாக எழுதுகிறார்.

"காட்டிக்கொடுத்தல்" என்றால் நம்பி வந்தவனை ஏமாற்றுவது. விருந்துக்கு அழைத்துப் பிடித்தார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்துக் காகிதத்தில் ஆதாரம் தேடினால், கிடைப்பது பிடிக்கச் சொன்ன கோரிக்கையும் பிடித்த செய்தியும்தான். திருச்சி முற்றுகைக் காலமான 1750-களிலிருந்தே புதுக்கோட்டை ஆங்கிலேயர் பக்கம். அந்தப் பக்கத்தை அது 1799-ல் புதிதாக எடுக்கவில்லை.

அதற்காகத் தொண்டைமானை முழுக்க விடுவிக்கவும் முடியாது. 1803-ல் கீழாநிலைச் சீமை அவருக்குக் கிடைத்தது. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்குக் கைம்மாறு என்பார்கள் ஒரு சாரார். அதன்மேல் தொண்டைமான்களுக்குப் பழைய உரிமைக் கோரிக்கை உண்டு என்பார்கள் மறு சாரார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒன்று நிச்சயம்: தப்பி வந்தவரைக் காட்டு வழியே போகவிடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது, அவர் தன் ராஜ்யத்தைப் பார்த்தார். அதைக் கடமை என்பதா, சுயநலம் என்பதா என்பதில் நீங்களும் நானும் வேறுபடலாம். அது தீர்ப்பு. நடந்தது என்ன என்பதில் வேறுபடக் கூடாது. அது சாட்சியம்.

இங்கிலாந்தில் ராபின் ஹுட் என்றொருவர் இருந்தாரா என்றே அறிஞர்கள் இன்னும் தேடுகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கடிதங்கள் இருக்கின்றன. பாட்டு அச்சில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஃபார்வர்டு செய்தியை வைத்துச் சண்டை போட்டால் எப்படி?

கட்டபொம்மன் எந்தச் சாதி, தொண்டைமான் எந்தச் சாதி என்பது இந்த விசாரணையில் ஒரு சாட்சியும் இல்லை. 1799-ல் திருக்களம்பூர்க் காட்டில் நடந்ததற்கு இன்று இலுப்பூர்க் கடைத்தெருவில் நிற்கும் யாரும் பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

குழுவை விட்டுப் போன இரண்டு தம்பிகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். திரும்பி வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சேர்த்து எழுதுங்கள். சார் மார்க் போடத் தயாராக இருக்கிறேன்.