மதுப்பழக்கமும் அவசர சிகிச்சையும்: இந்திய வட்டார வேறுபாடுகள்

இந்தியாவில் மது அருந்துவோரின் விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் மாறுபடுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினரும் பெண்களில் 1 விழுக்காட்டினரும் குடிக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் ஆண்கள் 53, பெண்கள் 24. ஆண்கள் மட்டும் என்று பார்த்தால் தெலங்கானாவில் 43, தமிழ்நாட்டில் 25, இலட்சத்தீவில் ஒன்றுக்கும் கீழ். 2016 முதல் மதுவிலக்கு நடப்பில் உள்ள பீகாரில் 15க்கு மேல். கடைகள் திறந்திருக்கும் மகாராஷ்டிரத்தில் 14தான்.

குடிப்பவர் தொகையை வைத்து அவசர சிகிச்சைப் பிரிவின் கூட்டத்தைக் கணிக்க முடியாது. எதை, எவ்வளவு வேகமாகக் குடிக்கிறார்கள் என்பதே முக்கியம். அருணாசலத்தின் அபோங், அரிசியிலும் சிறுதானியத்திலும் வீட்டில் புளிக்கவைப்பது; போதைச் சத்து குறைவு. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம். அங்கே பெரும்பாலும் விலைபோவது 42.8 விழுக்காடு எத்தனால் கொண்ட பிராந்தியும் ரம்மும். வேலை விட்டு வந்து வெறும் வயிற்றில், நின்றபடியே ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு பைக்கை எடுப்பவர் விபத்தில் அடிபட்டு வருகிறார். பதிவேட்டில் 'சாலை விபத்து' என்று மட்டும் எழுதிவிட்டால் குடி கணக்கில் ஏறாது. இது சிறு குறையல்ல. திட்டமிடலே அங்குதான் தவறுகிறது.

குடியை நிறுத்தியதாலும் நோயாளிகள் வருவார்கள். கால் முறிந்து வார்டில் படுத்திருப்பவருக்கு முதல் நாள் கை நடுங்கும். அடுத்த நாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குவார், மனைவியை அடையாளம் தெரியாது. 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூடியபோது ஐதராபாத் எர்ரகடா மனநல மருத்துவமனைக்கு இத்தகையோர் திரண்டு வந்தனர். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம், டயசெபாம், குளோரல் ஹைட்ரேட் கலப்பதும் உண்டு; சோதனை இறுகி வரத்து நின்றால், அந்த மருந்துகளின் விலகலும் சேர்ந்து தாக்கும்.

மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் வேறு வகை. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதற்கு 12 முதல் 24 மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் தூங்கி எழுந்த பிறகே வயிற்றுவலி, கண்மங்கல் என்று வருகிறார். 2019இல் அசாமின் கோலாகாட் பகுதியில் கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்தவர்களைச் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்ப நேர்ந்தது. 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் கொடுத்து நஞ்சாக்கத்தைத் தடுக்கலாம். அமிலம் ஏறிவிட்டால் இரத்தச் சுத்திகரிப்பு தேவை. தாமதமாக வந்து பிழைப்பவர்களில் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை.