பின்னால் வருகிறவனுக்கு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊர் நெருங்கும்போது எனக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். எங்கள் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதே தனி வித்தை. டிரெய்லரில் விளக்கு இருந்தாலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அதை மறைத்துவிடும். பனியில் அது வண்டி மாதிரியே தெரியாது. சாலை நடுவில் திடீரென்று ஒரு புதர் முளைத்த மாதிரி இருக்கும். பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பின்னால் ‘டம்’மென்று ஒரு சத்தம்.

பைக்கில் வந்த பையன். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழியில் அவன் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “அண்ணா, நீங்க பிரேக் புடிச்சீங்களா? லைட்டே எரியலயே?”

எரியவில்லைதான். எத்தனை நாளாக எரியவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. அந்த டிராக்டர்காரரை வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தவன் நான். இந்தப் பையனுக்கு நானே அந்த டிராக்டர்.

ஹெட்லைட் போனால் உடனே தெரிந்துவிடும், ரோடு இருட்டிவிடும். இண்டிகேட்டர் போனால் டிக் டிக் சத்தம் வேகமாகி, அதுவே சொல்லிக்கொடுக்கும். பிரேக் விளக்கு மட்டும்தான் ஓட்டுகிறவன் கண்ணில் படாமலேயே எரிந்து, படாமலேயே செத்துப்போகிறது. அது நமக்கான விளக்கே இல்லை. அப்படியொரு விளக்கை எவன் யோசித்திருப்பான் என்று அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன்.

எவன் இல்லை. எவள்.

ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் மௌனப்பட நடிகை. நடிகர்களின் பெயரைத் திரையில் போடாத காலத்தில், ‘பயோகிராஃப் பெண்’ என்று கம்பெனி பெயரால்தான் ரசிகர்கள் அவரை அழைத்தார்கள். 1910இல் இன்னொரு கம்பெனி அவரை அவருடைய சொந்தப் பெயராலேயே விளம்பரப்படுத்தியது. அமெரிக்க சினிமாவின் முதல் நட்சத்திரம் என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. அவருக்குக் காரென்றால் பைத்தியம். 1914 வாக்கில் தன் காருக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டார். ஒன்று, எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று காட்டும் கை. இன்னொன்று, பிரேக்கை மிதித்தால் காரின் பின்னால் எழுந்து நிற்கும் ‘நில்’ என்ற பலகை. இரண்டுக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1938இல் இறந்தபோது கையில் காசும் இல்லை, பழைய புகழும் இல்லை. பின்னால் வருகிறவனுக்குச் செய்தி சொல்ல யோசித்தவருக்கு அதனால் பத்து பைசா கிடைக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? கை இருந்தது. நம் ஊரிலும் சட்டமே கையைத்தான் சொன்னது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில்கூட ஓட்டுநர் கைசைகை காட்ட வேண்டும், அதற்குப் பதிலாக மின்கருவியும் இருக்கலாம் என்கிற தோரணைதான். அதாவது முதலில் கை, அதற்கு மாற்றுதான் விளக்கு. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல ஏற்றி இறக்கினால் வேகத்தைக் குறைக்கிறேன் என்று அர்த்தம். பழைய அம்பாசிடர் டாக்ஸிக்காரர்கள் விளக்கு நன்றாக எரிந்தாலும் கையை நீட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். அதற்கும் முந்தி, கரும்பு மாட்டுவண்டியில் ஆலைக்குப் போன காலத்தில், வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். மாட்டு வேகத்தில் போகிற வண்டிக்கு ‘இங்கே ஒருத்தன் இருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். ‘நிற்கப்போகிறேன்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வேகம் வந்த பிறகுதான் அந்தத் தேவை வந்தது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர். சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளின் பின்புறத்தில், நடுவில், வேகம் குறைவதைக் காட்டும் கூடுதல் விளக்கு ஒன்றைப் பொருத்தினார். அந்த வண்டிகளில் பின்னாலிருந்து மோதுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 1974இல் முடிவை வெளியிட்டார். அரசு தன் பங்குக்கு டாக்ஸிகளில் சோதித்துப் பார்த்தது. கடைசியில் 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. வேடிக்கை என்னவென்றால், எல்லா வண்டியிலும் வந்த பிறகு பலன் சுருங்கிவிட்டது. 1998இல் வந்த அரசு மதிப்பீட்டில் விபத்துக் குறைவு 4.3 சதவீதம்தான். புதுசாக இருக்கும்வரைதான் கண் அதைப் பார்க்கிறது போலிருக்கிறது. அந்த 4.3இலும் எத்தனை மணிக்கட்டுகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பழைய காரில் மூன்றாவது விளக்கெல்லாம் கிடையாது. இரண்டே இரண்டு. மறுநாள் டிக்கியைத் திறந்து உட்கார்ந்தேன். மெக்கானிக் அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார்: “ரெண்டும் எரியலன்னா மொதல்ல ஃபியூஸப் பாரு தம்பி, அப்புறம் பெடல் சுவிட்ச். அது ரெண்டும் நல்லாருந்தா பல்புதான்.” ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சும் நன்றாக இருந்தது. விளக்குக் கூட்டைக் கழற்றி, ஹோல்டரைத் திருப்பி எடுத்தேன். பல்பை உள்ளே அழுத்தித் திருப்பினால் வெளியே வருகிறது. ஒன்றின் கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது. மற்றதில் இழை அறுந்திருந்தது. ஒன்று எப்போதோ போயிருக்க வேண்டும். மற்றது தனியாகவே காலம் தள்ளி, அதுவும் போயிருக்கிறது. நடுவில் எத்தனை மாசம் அந்த ஒற்றை விளக்கோடு ஓட்டினேனோ.

கையில் வைத்துப் பார்த்தால் அந்தச் சின்ன பல்புக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை ராத்திரி முழுக்க மெல்ல எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பழைய அரிக்கேனும் லாரன்ஸின் பலகையும் ஒரே கண்ணாடிக்குள். அடியில் இருக்கும் இரண்டு குமிழும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். மாற்றிப் போட்டால் உட்காராது. பலவந்தமாகத் திணித்தால் சின்ன இழை பிரேக்குக்கு எரியும், அது பகலில் யாருக்கும் தெரியாது. இழை பல்பு முழுசாகச் சூடேறி எரிய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும் என்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் வந்துவிடுவான். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆனால் என் ஹோல்டருக்கு இந்த பல்புதான்.

கடையில் இரண்டு பல்பு வாங்கினேன். அறுபது ரூபாய். மாட்டிவிட்டு உள்ளே போய் பிரேக்கை மிதித்தேன். மிதித்த பிறகுதான் உறைத்தது, எரிகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரியானால் வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியில் பார்க்கலாம். நல்ல வெயில். மகளைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

“எரியுதாம்மா?”

“எரியுதுப்பா!”

“ரெண்டுமா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “எடது மட்டுந்தான்.”

இறங்கிப் போய் வலதுபக்க ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. “அம்மாகிட்ட கேட்டு உப்புத்தாள் எடுத்துட்டு வா” என்றேன்.