எனோலா கே: தாயின் பெயரில் ஒரு பாடல்

எண்பதுகளின் தொடக்கத்தில், மேலைத்தேய மெல்லிசையில் கிற்றாரின் இடத்தை மின்னணு இசைக்கருவிகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. அக்காலக் குழுக்களுள் என் மனம் இன்றும் நாடுவது, லிவர்பூலை அடுத்த விர்ரல் தீபகற்பத்து இளைஞர்களான அன்டி மக்ளஸ்கியும் போல் ஹம்ஃபிறீசும் 1978இல் தொடங்கிய 'ஓ.எம்.டி.' குழுவினையே.

அவர்களது 'எனோலா கே' 1980 செப்டெம்பரில் வெளியாகி, பிரித்தானியத் தரவரிசையில் 8ஆம் இடம்வரை உயர்ந்தது. துள்ளலான மெட்டு. சொற்களைக் கவனியாது பலநாள் அதனை முணுமுணுத்திருக்கிறேன். செய்தி எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெருமைக்குரிய விடயமன்று.

எனோலா கே காதலியின் பெயரல்ல. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு ஹிரோசிமா மீது அணுகுண்டு வீசிய விமானத்தின் பெயர். விமானி போல் திபெற்ஸ் தன் தாயின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். குண்டின் பெயரோ 'சின்னப் பையன்'! அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. தாய், மகன் என்ற இம்முரணையே மக்ளஸ்கி பாடலாக்கினார்.

அதே இசைத்தொகுப்பின் இறுதிப் பாடலான 'ஸ்ரான்லோ', அவருடைய தந்தை வேலை பார்த்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியது. 1431இல் உயிரோடு எரிக்கப்பட்ட ஜோன் ஒஃப் ஆர்க்கைப் பற்றியும் இரு பாடல்கள் உண்டு. அவற்றுள் 'மெயிட் ஒஃப் ஓர்லியன்ஸ்', 1982இல் மேற்கு ஜேர்மனியில் மிக அதிகமாக விற்பனையான தனிப்பாடல்.

வணிகப் பாடல்களில் வரலாறு ஏது எனக் கேட்போர் உளர். பாடநூலில் ஹிரோசிமாவைப் படித்தபோது என் மனதில் நின்றவை எண்களே. இப்பாடலுக்குப் பின்னர்தான் ஒரு தாயின் பெயர் நின்றது.

இன்றும் அதனைக் கேட்கிறேன். முணுமுணுப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.