உபஹார் திரையரங்குத் தீ வழக்கு

பராமரிப்பில் அலட்சியம் காட்டித் தீவிபத்துக்குக் காரணமானவர்கள் இழப்பீட்டுக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை வரையறுத்த முக்கிய இந்திய வழக்கு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில், ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து 59 பேர் இறந்தனர். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறியே.

தரைத்தளத்திலிருந்த டிரான்ஸ்பார்மர் டெல்லி மின் வாரியத்துடையது. அன்று காலையிலேயே அதில் தீப்பிடித்தது. வந்த ஊழியர்கள், கேபிள் முனையில் சாக்கெட்டைக் கிரிம்பிங் இயந்திரத்தால் இறுக்காமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தினர். மாலையில் கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டரில் ஓட்டை விழுந்து, எண்ணெய் கசிந்து எரிந்தது. பக்கத்திலேயே கார்கள் நின்றன. பால்கனியில் இருந்தவர்களுக்கோ, கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு பக்க வழி அடைக்கப்பட்டிருந்தது.

2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் இறந்தவர்களில் இருபது வயதைக் கடந்தவர்களுக்குத் தலா 18 லட்சம், மற்றவர்களுக்கு 15 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் இதை 10 லட்சம், 7.5 லட்சம் எனக் குறைத்தது; பொறுப்பில் 85 விழுக்காட்டைத் திரையரங்கு உரிமையாளர் மீதும் 15 விழுக்காட்டை மின் வாரியத்தின் மீதும் சுமத்தியது. உயர் நீதிமன்றம் விதித்திருந்த தண்டனை இழப்பீடு இரண்டரைக் கோடியிலிருந்து 25 லட்சமாகச் சுருங்கியது. 

மாநகராட்சியும் உரிமம் வழங்கிய அதிகாரியும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.