ஏழாவது மாட்டுவண்டி

விடுதலைப் போராட்டத்தில் கைத்துப்பாக்கி என்றதும் நமக்கு மணியாச்சிதான் நினைவுக்கு வரும். 1911-இல் அங்கே வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கால். மூன்று ஆண்டு கழித்து, ஜெர்மனியில் செய்த ஐம்பது மவுசர்கள் கல்கத்தாவில் வந்து இறங்கின. அவற்றின் கதை நம் பக்கத்தில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்றொரு சிற்றூர். அங்கேதான் மவுசர் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் மூவரும் சேர்ந்து ஒரு கைத்துப்பாக்கியை உருவாக்கினார்கள். 1895-இல் காப்புரிமை வாங்கியதென்னவோ முதலாளி பால் மவுசரின் பெயரில். செய்த கைகளுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதற்கு முன்பே, 1893-இல், ஹியூகோ போர்ச்சார்ட் வழி திறந்திருந்தார். குண்டு வெளியேறும்போது பின்னோக்கி உதைக்கும் வேகமே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் ஏற்பாடு அது. அதைச் செப்பம் செய்த கியோர்க் லூகரின் துப்பாக்கியைத்தான் 1908-இல் ஜெர்மன் தரைப்படை எடுத்துக்கொண்டது. 1896-இல் கைசரே சுட்டுப் பார்த்த மவுசருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. சொந்த நாட்டுப் படை வாங்காத சரக்கு உலகச் சந்தைக்குப் போனது. கல்கத்தாவில் ஆயுத வணிகம் செய்த ரோடா கம்பெனிக்கு அது வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

வேலைப்பாடு அபாரம். கைப்பிடிக் கட்டையை இறுக்கும் திருகாணி தவிர உள்ளே ஒரு திருகாணி கிடையாது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். பத்துத் தோட்டாக்கள் விசைக்கு முன்னால் இருக்கும் அறைக்குள் அடங்கும். துப்பாக்கி வைக்கும் மரப்பெட்டியையே கைப்பிடியோடு மாட்டினால் தோளில் தாங்கிச் சுடலாம். தலைமறைவாகத் திரிபவர்களுக்கு இதைவிடத் தோதான ஆயுதம் ஏது?

1914 ஆகஸ்டில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. அந்த மாதம் 26-ஆம் தேதி, ரோடாவின் குமாஸ்தா சிரீஷ் சந்திர மித்ரா சுங்க அலுவலகத்திலிருந்து 202 பெட்டிகளை விடுவித்து ஏழு மாட்டுவண்டிகளில் ஏற்றினார். கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தவை 192. கடைசி வண்டியை ஓட்டியவர், வண்டிக்காரர் வேடத்திலிருந்த ஹரிதாஸ் தத்தா என்ற புரட்சியாளர். வண்டி மலங்கா சந்துக்குள் திரும்பியது. பத்துப் பெட்டிகளில் ஐம்பது மவுசர்கள், 46,000 தோட்டாக்கள். மீதியைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிய மித்ரா திரும்பவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் போலீசுக்குச் சேதி போனது. அதற்குள் சரக்கு கைமாறிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொழிற்சாலை எண் பொறித்திருந்தது. கம்பெனியின் பதிவேட்டிலும் அது இருந்தது. எங்கள் கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டு இருக்குவேளிர் வமிசத்தைச் சொல்வதுபோல, பிடிபட்ட ஒவ்வொரு துப்பாக்கியின் பூர்விகத்தையும் அந்த எண் சொல்லிவிட்டது.

இதே நேரம் பெர்லினில் செண்பகராமன் பிள்ளை உள்ளிட்ட இந்தியர்கள் ஜெர்மன் ஆயுதங்களைத் தாயகத்துக்கு அனுப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த ஆயுதங்களுக்காகவே ஒரிசாவின் பாலேசுவரம் பக்கம் ஜதீந்திரநாத் முகர்ஜி காத்திருந்தார். வங்காளிகளுக்கு அவர் பாகா ஜதின், புலி ஜதின். எதிர்பார்த்த கப்பல் வரவேயில்லை. 1915 செப்டம்பர் 9 அன்று, புடிபலாங் ஆற்றுப் பக்கம், போலீசும் படையும் சூழ்ந்துகொள்ள, ஜதினும் நான்கு தோழர்களும் மவுசர்களோடு எதிர்த்து நின்றார்கள். எதிரே நீளத் துப்பாக்கிகள். தோழர்களில் சித்தப்பிரியா அங்கேயே விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் ஜதின் உயிர் பிரிந்தது. மனோரஞ்சனையும் நீரேனையும் தூக்கிலிட்டார்கள்.

1918-இல் ரௌலட் கமிட்டி தன் அறிக்கையில் இந்தத் துப்பாக்கிகளைக் கணக்கெடுத்தது. ஐம்பதில் 44 கிட்டத்தட்ட உடனடியாகவே ஒன்பது குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. 54 சம்பவங்களில் அவை பயன்பட்டிருந்தன. போலீஸ் கைக்குத் திரும்பியவை 31. அந்த அறிக்கையின் பேரில்தான் மறு ஆண்டு ரௌலட் சட்டம் வந்தது. கமிட்டி கணக்கெழுதி முடித்தபோது 19 மவுசர்கள் இன்னும் வெளியேதான் இருந்தன.