இருபத்து மூன்று புள்ளிகள்

1975 பெப்ரவரி 6ஆம் திகதி காங்கேசன்துறைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து 1972 ஒக்டோபரில் பதவி துறந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதே தொகுதியில் மறுபடி நின்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்த பிறகுதான் அரசு தேர்தலை வைத்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. தனிநாட்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த ஆணை என்று அரசியல் நூல்கள் இதைச் சொல்லும். அந்த ஆணைக்குள் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளும் இருந்தன.

காங்கேசன்துறை ஆறில்லாத, தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் மண். அந்தக் கல்லை நம்பி 1950இல் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கும்வரை ஊரில் பெருந்தொழில் கிடையாது. குடும்பம் தலைநிமிர ஒரே வழி உத்தியோகம், அதற்குப் படிப்பு. பக்கத்துத் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் 1816இலேயே பள்ளி தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். தெல்லிப்பழையில் படித்த செல்வநாயகமே, இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லாத காலத்தில், லண்டன் வெளிவாரிப் பட்டம் எடுத்தவர்தான்.

அடி விழுந்தது 1970ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில். 400 புள்ளிக்கு நடந்த பரீட்சையில் பேராதனை எஞ்சினியரிங் பீடத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவர் 250 எடுக்கவேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். இடையில் 23 புள்ளிகள். 240 எடுத்த இரு மாணவரில் ஒருவர் பேராதனைக்கு வண்டியேறுவார், மற்றவர் வீட்டில் இருப்பார். தமிழ்ப் பரீட்சகர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றொரு வதந்தி உலவியது. விசாரித்துப் பார்த்ததில் அது பொய்யென்று தெரிந்தது. ஆனாலும் முறை மாறவில்லை. 1973இல் புள்ளிகளை மொழிவாரியாகச் சமப்படுத்தும் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. எஞ்சினியரிங் பீடங்களில் 1970இல் சுமார் 40 சதவீதமாக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1975இல் ஏறக்குறைய 14 ஆகிவிட்டது.

இதில் நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ஆய்வுகூடம் என்றால் என்னவென்றே அறியாத கிராமங்கள் மன்னாரிலும் இருந்தன, மொனராகலையிலும் இருந்தன. மாவட்ட ஒதுக்கீடு அவர்களுக்குக் கதவைத் திறந்ததை யாழ்ப்பாணத்தார் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி வைத்ததற்கு அந்த நியாயமும் இல்லை.

1974 ஒக்டோபரில் திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. க. கைலாசபதி அதன் முதல் தலைவர். உள்ளூரிலேயே கம்பஸ் வந்தது ஆறுதல்தான், ஆனால் எஞ்சினியரிங் பீடம் கிளிநொச்சியில் அமைய 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் புள்ளிக்கணக்கே பொருளற்றுப்போன காலம் வந்தது. 1990 ஜூனில் போரால், காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கு மொத்தமாக இடம்பெயர்ந்தது. சீமெந்து ஆலை நின்றது, ரயிலும் நின்றது. ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஊரின் நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்தக் கட்டடத்தை விட்டு வெளியூரில் நடந்தது. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு ஏ.எல். வரை வருவதே பெரிய காரியம். 2015 ஜனவரியில் ரயில் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தது. கல்லூரி வளவு 2016இல்தான் விடுவிக்கப்பட்டது. பெற்றோர் சிறுவயதில் விட்டுப்போன வகுப்பறைகளுக்கு அவர்களின் பிள்ளைகள் வந்தார்கள்.

இப்போது பல்கலைக்கழக அனுமதி, தரப்படுத்திய இசெட் புள்ளிப்படி நடக்கிறது: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. படித்தவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்று 1970களில் கதவடைக்கப்பட்ட யாழ்ப்பாணம் இன்று அந்தப் பதினாறில் ஒன்று.