எல்லைக் கல்லும் ஏரிக் கலங்கலும்: படப்பை வட்டாரத்தை எந்த அலகில் எழுதுவது?

படப்பை எங்கே முடிகிறது என்று கேட்டால் வருவாய்க் கிராம வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் பலவற்றையும் மக்கள் படப்பை என்றே சொல்வார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே, சுற்றுக் கிராமங்களுக்குக் கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமுமாக வளர்ந்த ஊர் இது. குன்றத்தூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்கூடக் குன்றத்தூரில் இல்லை, படப்பையில்தான் இருக்கிறது. பெயரும் எல்லையும் இப்படி ஒட்டாமல் நிற்கும் வட்டாரத்தின் புவியியல், வரலாறு, மக்கள்தொகை ஆகியவற்றை எந்த அலகில் எழுதுவது? கிராம எல்லை போதாது, சாலையும் போதாது; ஏரித் தொடரையே முதல் அலகாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் நடுமேற்கில் 'டவுன்ஷிப்' எனப்படும் நாட்டுப்புற வட்டாரத்தை 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அளவுகோல் வைத்து வரைந்தது. பக்கத்துக்கு 6 மைல், உள்ளே 36 கட்டங்கள், 16ஆம் கட்டம் பள்ளிக்கு. அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பழங்குடிகளைக் கேட்காமல், புதிதாய்க் குடியேறுவோர் வருமுன்பே எல்லை போடப்பட்டது. படப்பை அடங்கிய செங்கல்பட்டுச் சீமையில் வரிசை நேர்மாறு. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்த இந்நிலத்தை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அளந்தபோது, ஏறத்தாழ 2,000 ஊர்கள் தத்தம் ஏரி, நஞ்சை, புஞ்சை, மானியக் கணக்குகளோடு இருந்தன. அதற்கும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, படப்பைக்கு அருகிலுள்ள மணிமங்கலத்தின் கோயில் கல்வெட்டுகள் அவ்வூரை ஜெயங்கொண்டசோழ மண்டலத்துச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டில் வைத்துப் பேசுகின்றன. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக அதே மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. படப்பை என்ற சொல் சங்க நூல்களில் தோட்டத்தைக் குறிக்கும். பெயரை வைத்து வரலாறு கட்டுவது நமக்குப் பிடித்த வேலைதான். ஆனால் ஏரிக்கரை அதைவிடக் கெட்டியான சான்று.

மேல் ஏரி நிறைந்து வழிவதுதான் கீழ் ஏரிக்கு வரத்து. அப்படி வழியும் இடமான பழைய கலங்கலில் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் ஏரியில் நீர்மட்டம் உயரும், ஆயக்கட்டுக்குக் கூடுதலாக ஒரு நனைப்பு கிடைக்கும். அதே அடைப்பால் ஏரியின் உள்வாயில் இருப்பவர் நிலம் மூழ்கும், கீழூருக்கு வரத்து தாமதமாகும். எப்போது அடைப்பது, எப்போது பிரித்துவிடுவது என்பது ஓர் ஊர் தனித்து முடிவுசெய்யக்கூடிய காரியமாக இருந்ததில்லை. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குத் தனியே ஆள் தேர்ந்ததும், 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிப் பழுதுபார்ப்பில் முனைந்ததும் ஒரே கட்டாயத்தின் இரு காலத்து வடிவங்கள். வரி வேண்டுமென்றால் நெல் வேண்டும், நெல்லுக்கு ஏரி வேண்டும்.

விவசாயமே சுருங்கிய பின் ஏரியைப் பிடித்துக்கொண்டிருப்பது பழங்கதை, இன்று வட்டாரத்தை ஆள்வது சாலைதான் என்று மறுக்கலாம். இம்மறுப்பில் பாதி உண்மை. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் என ஒரகடத்தில் ஆலைகள் திறந்தபின், படப்பைச் சாலையில் கம்பெனிப் பேருந்துகளும் வாடகை வீடுகளும் பெருகின. நஞ்சை மனையாயிற்று. ஆனால் மனையான நிலத்துக்கும் சரிவு உண்டு. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது; ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர்ப் பக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. சாலை அந்த நீரை நிறுத்தவில்லை. நான்கே ஆண்டுகளில், 2019இல், செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது ஆதனூரும் முடிச்சூரும் அங்கே போயின. மணிமங்கலமும் படப்பையும் வரதராஜபுரமும் காஞ்சிபுரத்தில் தங்கின. போதாக்குறைக்கு, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே தண்ணீருக்கு இத்தனை எசமானர்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது: ஏரியை அலகாக்கினால் அதைக் கையில் வைத்திருந்த, பரம்பரை நிலவுரிமையாளரின் மிராசு ஒழுங்கையும் போற்றுவதாகாதா? 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கையையும், அதைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையையும் படித்தவர் அந்த ஒழுங்கை ஏக்கத்தோடு பேச மாட்டார். நிலத்தை உழுதவனுக்கு வீட்டுமனைகூடச் சொந்தமில்லாதிருந்த ஒழுங்கு அது. நீர் ஓடும் பாதையை அலகாக ஏற்பது, அதை ஆண்ட அதிகாரத்தை ஏற்பதாகாது. சொல்லப்போனால் யார் மேட்டில் குடியிருந்தார், யார் கலங்கலுக்குக் கீழே தள்ளப்பட்டார் என்பதை ஊர் எல்லைக்குள் முடங்கிய கணக்கைவிட ஏரி வரைபடம் வெளிப்படையாகக் காட்டும். இன்று அந்தத் தாழ்நிலத்தில் வாடகைக்கு இருப்பவர் வெளியூர்த் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

சதுரக் கட்டத்தின் நிர்வாக எளிமையையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நடுமேற்கிலேயே சதுப்பு நிலத்தை வடிக்க நேர்ந்தபோது, டவுன்ஷிப் கோடுகளைத் தாண்டும் வடிகால் மாவட்டங்களைத் தனியே அமைக்க வேண்டியிருந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, 5,000 பேர், ஆண் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே, சதுர கி.மீ.க்கு 400 பேர் என்ற மூன்றும் சேர்ந்தால் ஓர் ஊரை நகரமாக எழுதிக்கொள்கிறது. அங்கே நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027இல். அதன் கிராம அட்டவணையில், ஒவ்வொரு குடியிருப்பும் எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே இருக்கிறது என்று குறிக்க ஒரே ஒரு பத்தி சேர்க்கட்டும்.